டம்ளர் மாட்டிய கம்பி

அந்த பஸ் டெப்போவில் ஒருவருக்கு வலி வந்தால் அது எல்லாருக்கும் பங்கு பிரிந்து போகும். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. ஓய்வறையில் தண்ணீர் டிரம்முக்கு மேலே ஓர் இரும்புக் கம்பி, அதில் வரிசையாகக் கொக்கிகள். அதில் யாருடைய டம்ளர் தொங்குகிறதோ அவர் குடும்பத்து வலி பொதுவுக்குப் போகும். பொது வலியில் துளியூண்டு அவர் வீட்டுக்கும் வரும். நோய் என்னவோ அவரவருடையதுதான், டாக்டரிடமும் அவரவர்தான் போக வேண்டும். வலி மட்டும் பொது. ஸ்டோர்காரர் மனைவிக்குப் பிரசவம் ஆனபோது ஓடிக்கொண்டிருந்த பஸ்களில் டிரைவர்கள் ஒரே நேரத்தில் "ஸ்ஸ்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். வண்டிகள் சரியான நேரத்துக்கே போய்ச் சேர்ந்தன.

சண்டை வராமல் இருக்குமா? மெக்கானிக் ஒருவர் மூக்குமுட்டக் குடித்துவிட்டுப் படுத்தார். விடிந்ததும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் மண்டை இடித்தது. கூட்டம் போட்டு, முதல் நாள் வலி அவரவர் பாடு, மறுநாளிலிருந்துதான் பொது என்று முடிவு செய்தார்கள். மெக்கானிக் ஒரே வாரத்தில் திருந்திவிட்டார்.

இதில் எல்லாரையும்விட நிம்மதி அடைந்தவள் பெண் கண்டக்டர். அவள் மகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு. எலும்பு வலி கிளம்பினால் வாரக்கணக்கில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். தாய் காலைப் பிடித்துவிடுவாள், கூடவே அழுவாள், வேறென்ன செய்ய? வேலை கிடைத்து டம்ளரை மாட்டிய பிறகு அந்த வலி டெப்போவுக்கெல்லாம் முட்டியில் கொசுக்கடியாகக் கரைந்துபோனது. மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள்.

அப்போதுதான் நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் இளம் டிரைவர் தன் டம்ளரைக் கழற்றினான். கெட்டவன் இல்லை. கண்டக்டரிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"எனக்குத் தும்மல்கூட வந்ததில்லக்கா. ஊரான் வீட்டு முட்டி வலியெல்லாம் நான் எதுக்கு வாங்கணும்?"

அவன் பங்கு மற்றவர்கள் தலையில் விழுந்தது. கொசுக்கடி தேள்கடியானது. அது பொறுக்காமல் இன்னும் நாலு பேர் கழற்ற, மிச்சமிருந்தவர்களுக்கு வலி மேலும் கூடியது. அதனால் மேலும் சிலர். ஆரோக்கியமாக இருந்தவர்கள்தான் முதலில் போனார்கள். கடைசியில் சர்க்கரை நோய்க்கார வாட்ச்மேன், மூச்சிழுப்புக்கார பெயிண்டர், கண்டக்டர் என்று மூன்று டம்ளர்கள்தான் தொங்கின. ஒருநாள் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தவள் முட்டி மடங்கி பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள், பரீட்சைக்குக்கூடப் போகவில்லை. மற்ற இருவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் கண்டக்டர் தன் டம்ளரில் கை வைத்தபோது வாட்ச்மேன் தடுத்தார்.

"எடுக்காதம்மா. என் கால் எரிச்சல உன் பொண்ணும்தானே சுமக்குது?"

அந்த மாதமே நெட்டை, பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் சர்வீஸ் பள்ளத்தில் தவறி விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் தகடு வைத்து அனுப்பினார்கள். டெப்போவை ஒட்டிய அறையில் படுத்து நாள்கணக்கில் அலறினான். பங்கு பிரியாத வலி எப்படிக் கத்தும் என்று இளவட்டங்கள் அதுவரை கேட்டதே இல்லை. ஒருத்தன் வாயிலும் சோறு இறங்கவில்லை. நெட்டை தன் டம்ளரைத் திரும்ப மாட்டச் சொல்லி ஒரு கூட்டாளியிடம் கொடுத்தனுப்பினான்.

பெயிண்டர் எகிறினார். "நல்லா இருந்தப்ப நாம ஊரான். கால் ஒடஞ்சதும் சொந்தமாயிட்டமா?"

கண்டக்டர் அந்த டம்ளரைக் கையில் வாங்கினாள். சாக்கடையில் வீசிவிடத்தான் நினைத்தாள். அதற்குள் மறுபடியும் அலறல் கேட்டது. அடுத்து அது அமுங்கிப்போனது, தலையணையைக் கடித்துவிட்டான். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"மாட்டட்டும்," என்றாள். "ஆனா அவன் மட்டும் மாட்டினா நாங்க மூணு பேரும் செத்தோம். எல்லாரும் மாட்டணும். கொக்கியில மாட்டினா நாளைக்கே கழட்டிட்டுப் போயிடுவீங்க. வெல்டரக் கூப்பிடுங்க."

இளவட்டங்கள் தலையைச் சொறிந்தார்கள். அதெப்படி, கட்டாயப்படுத்தலாமா என்று ஒருவன் ஆரம்பித்தான். மூன்றாவது அலறலில் அவனே முதல் ஆளாக வரிசையில் போய் நின்றான். வெல்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொரு டம்ளரையும் கம்பியோடு பற்றவைத்தார். கடைசி டம்ளரையும் பற்றவைத்ததும் அலறல் நின்றது. டெப்போ முழுக்க எல்லாரும் லேசாக நொண்டினார்கள். கண்டக்டரின் மகள் மறுவாரம் கல்லூரிக்குப் போனாள்.

இனி எதில் தண்ணீர் குடிப்பது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்கும் அங்கே எல்லாரும் குழாயடியில் குனிந்து கையேந்தித்தான் குடிக்கிறார்கள். நெட்டைக்குக் கால் சரியாகி இப்போது கண்டக்டரோடு ஒரே பஸ்ஸில் டியூட்டி. ராத்திரி டிரிப்பில் சிக்னலில் நிற்கும்போது சில நாள் அவன் திடீரென்று முட்டியைத் தேய்த்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பின்னால் பார்ப்பான்.

"வலி இங்க வந்துடுச்சு, பொண்ணு நிம்மதியாத் தூங்கியிருப்பாக்கா," என்பான்.

அவளும் தன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே விசில் கொடுப்பாள்.