ஒரு பக்கம் மொட்டையான காவடி

எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கே.ஜி.கண்டிகையில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். என் மகள் யுவஸ்ரீ நாலாவது படிக்கிறாள். ஒரு பென்சில் வேண்டுமென்றாலும் அவள் அம்மாவிடம்தான் கேட்பாள், தேவகிதான் வந்து என்னிடம் சொல்லுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் போனைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடமே வந்து நின்றாள்.

"நைனா, இந்த மாதிரி நாம மீன் புடிக்கலாமா?"

வீடியோவில் ஓர் அப்பாவும் மகளும் ஆற்றில் நின்று, நீளமான நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார்கள். ஃப்ளை ஃபிஷிங்காம். மண்புழு கிடையாது, மாவு உருண்டை கிடையாது. இறகையும் கம்பியையும் தூண்டில் முள்ளில் சுற்றி ஒரு பொய்ப் பூச்சி செய்து, தண்ணீர்மேல் வீசினால் மீன் ஏமாந்து கவ்வுமாம். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவார்களாம். அந்த விட்டுவிடுவதுதான் யுவஸ்ரீக்குப் பிடித்திருந்தது. முதன்முதலாக என்னிடம் கேட்டிருக்கிறாள், இல்லையென்று சொல்லுவேனா? அன்றைக்கே ஆர்டர் போட்டேன். ஆடி மாதம் என்பதால் வீட்டில் மீன், கறி என்று கவிச்சி எதுவும் கிடையாது. தின்னப்போவதில்லையே என்று தேவகியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போனோம். நூலைப் பின்னால் வீசி, அது நேராக நீளும்வரை கொஞ்சம் பொறுத்து, அப்புறம் முன்னால் வீச வேண்டும். பொறுமை! அதுதானே நம்மிடம் இல்லாத சரக்கு. வாங்கிய பூச்சிகளில் பாதி வேலிகாத்தான் முள்ளில் போய் மாட்டிக்கொண்டது. ஒன்று என் சட்டைக் காலரையே கவ்வியது. ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் ராஜமாணிக்கம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா தணிகைமணி, ஏரிக்குப் பேய் ஓட்டிகினு கீறியா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் காந்தியது. யாரைத் திட்டியிருக்க வேண்டும்? என்னைத்தான். ஆனால் நான், "பின்னாடி வந்து நிக்காதேன்னு எத்தினி தபா சொல்றது உனக்கு?" என்று யுவஸ்ரீயைப் பார்த்துக் கத்தினேன். அவள் பின்னால் நிற்கவே இல்லை. பக்கத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்து இன்னும் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வருகிற வரை வண்டியில் என் சட்டையைக்கூடப் பிடிக்கவில்லை.

அதைச் சரிக்கட்டத்தான் பூச்சியை நானே செய்து தருகிறேன் என்று இறங்கினேன். காயில் கம்பி இருக்கிறது, சுற்றத் தெரிந்த கை இருக்கிறது. போனில் பார்த்தால், மயிலிறகின் இழைதான் இதற்கு முதல்தரம் என்றார்கள். மயிலிறகா? வீட்டிலேயே இருக்கிறதே! தேவகியின் அண்ணன் வரதராஜன் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர். அவர் ஊர் பொதட்டூர்பேட்டை. நாங்கள் கோயில் மலைக்குப் பக்கம் என்பதால் காவடியை எங்கள் பரணில்தான் வைத்திருப்பார். மஞ்சள் துணியை விலக்கி, நாலைந்து இழைதானே என்று உருவினேன். சுற்றும்போது அறுந்தது. மறுபடி உருவினேன்.

"நைனா, அது மாமாவோட காவடி. கேட்டியா?"

"கேட்டுட்டேன், போ."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். கடைசியில் காவடியின் ஒரு பக்கம் வெறும் குச்சிகளாக நின்றது. அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்துத் துணியை மூடிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்தப் பூச்சியை ஒரு ஜிலேபி மீன் கவ்வியது. யுவஸ்ரீ கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்தாள், "போ, போ" என்று தண்ணீரில் விட்டாள். திரும்பி வரும்போது என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, டீச்சர் கதை, தோழி கதை என்று வாய் ஓயாமல் பேசினாள். அந்தப் பேச்சுக்காக இன்னொரு பக்கத்தையும் பிய்க்கத் தயாராக இருந்தேன்.

கிருத்திகைக்கு முந்தின நாள் வரதராஜன் மாலையும் மஞ்சள் வேட்டியுமாகக் குடும்பத்தோடு வந்தார். பரணிலிருந்து காவடியை இறக்கித் துணியை விலக்கினார்.

"யாரு இதப் பிச்சது?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. எலி கடித்திருக்கும் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன், கருமம். அதற்குள் யுவஸ்ரீ முன்னால் வந்தாள்.

"நான்தான் மாமா. பூச்சி செய்ய எடுத்தேன். நைனாவுக்குத் தெரியாது."

தேவகி அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். சாமி படத்துக்கு முன்னால் தோப்புக்கரணம் போடச் சொன்னாள். யுவஸ்ரீ காதைப் பிடித்துக்கொண்டு போட்டாள்.

"வுடு தேவகி. கொழந்த தெரியாம செஞ்சிடுச்சி. போற வழியில இறகு வாங்கிக் கட்டிக்கிறேன்," என்றார் வரதராஜன்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அவர்கள் காவடியை ஆட்டோவில் ஏற்றப் போனதும் அவளைத் துணி துவைக்கிற கல்லுப் பக்கம் கூட்டிப்போனேன்.

"ஏம்மா அப்பிடிச் சொன்னே?"

பாவாடை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "எல்லாருக்கும் தெரிஞ்சா உனக்கு வெக்கமாப் பூடும். வெக்கமா இருந்தா நீ கத்துவே. அப்பறம் என்னிய ஏரிக்கு இட்டுகினு போமாட்டே."

வாசலில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

"பாவா, நில்லுங்க! இறகப் பிச்சது நான். கொழந்த இல்ல."

வரதராஜன் இறங்கி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? மீன் புடிக்கிறதுக்கா? காவடியப் பிச்சியா?" என்றவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். ஆட்டோவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர் வீட்டுக்காரரும் வெளியே வந்து பார்த்தார். தேவகி தலையில் அடித்துக்கொண்டாள். முகம் காந்தியது. கத்தல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. யாரைப் பிடித்துத் திட்டலாம் என்று திரும்பினேன்.

வாசற்கதவை இறுகப் பிடித்துக்கொண்டு யுவஸ்ரீ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தலை விழுங்கினேன். "ஆங், மீன் புடிக்கத்தான் பாவா. தப்புதான். மன்னிச்சிடுங்க," என்றேன்.

அவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கதவைப் பிடித்திருந்த கையை யுவஸ்ரீ மெதுவாக எடுத்தாள்.