என் விலாசத்தில் ஐந்து பேர்

இருபத்திரண்டு வருடம் சம்பளத்துக்குக் கூடைப்பந்து பழக்கியவன் நான். திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளர்களின் கழகம் எங்களுடையது. என் வாய் பொல்லாதது. பந்தைத் தவறவிட்டவனின் பரம்பரையையே இழுத்து ஏசுவேன். அப்படியும் பெடியள் என்னை விட்டுப் போகவில்லை.

ஒரு கள்ளவேலை எனக்கு உண்டு. எல்லாப் பயிற்றுநர்களுக்கும் உண்டு. மாவட்டப் போட்டியில் நகரத்துக்குள் வசிப்பவன்தான் விளையாடலாம் என்பது விதி. உயரமான பெடியளோ சம்பூரிலும் சல்லியிலும் மூதூரிலும்தான் இருந்தார்கள். ஆகவே அவர்களை லிங்கநகரில் உள்ள என் வீட்டு விலாசத்தில் பதிந்துவிடுவேன். "உங்கட வீட்டில எத்தினை பேருக்குச் சோறு போடுறியள்?" என்று என் மனைவி தங்கரத்தினத்தைச் சந்தையில் பகிடி பண்ணுவார்கள்.

2007இல், போருக்கு நடுவே, அந்தப் பகிடிக்குச் சிரிக்க ஒருவரும் இல்லை. வெள்ளை வான் ஒன்று தெருவில் வந்து போனால் அடுத்தநாள் ஏதோ ஒரு வீட்டில் ஆள் இருக்காது. ஒவ்வொரு வீட்டிலும் குடியிருப்போரின் பட்டியலை இராணுவ முகாமில் கொடுக்க வேண்டும் என்றார்கள். நானும் தங்கரத்தினமும் என்று இரண்டு பேரை எழுதிக் கொடுத்தேன். அதுதான் உண்மை. அடுத்த கிழமை கண்டியில் ஒரு போட்டி வந்தது. பயண அனுமதிக்கு அணியின் பட்டியலையும் அதே முகாமில் கொடுக்க வேண்டியிருந்தது. பழக்கதோஷத்தில் பழைய பட்டியலையே பிரதியெடுத்து நீட்டிவிட்டேன். அதில் ஐந்து பேருக்கு என் வீட்டு விலாசம். மடையன், எனக்கு அது உறைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு முகாமிலிருந்து ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். கதிரையில் அமர்ந்து இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்தார்.

"இதில ரெண்டு பேர். இதில அதே விலாசத்தில இன்னும் அஞ்சு பேர். அந்த அஞ்சு பேர் எங்க?"

விதியைப் பற்றி ஏதேதோ உளறினேன். அவர் சிரித்துக்கொண்டே சிங்கள வாடைத் தமிழில் சொன்னார்.

"நானும் ஸ்கூல்ல பாஸ்கட்போல் விளையாடினது, மாஸ்டர். எங்கட கோச்சும் இப்பிடித்தான் செய்தது. பயம் வேணாம். சரியான விலாசம் எழுதித் தாங்க, நான் போறது."

அதட்டியிருந்தால் விறைத்துக்கொண்டு நின்றிருப்பேன். அந்தச் சிரிப்புத்தான் என்னை விழுத்தியது. நாலு பேருடைய விலாசத்தை மளமளவென்று எழுதினேன். ஐந்தாவது கோணேசராசா. சம்பூர்ப் பெடியன், வயது இருபத்துநாலு. போன வருடம் இயக்கத்திடமிருந்து இராணுவம் அதைப் பிடித்து ஊரே இடம்பெயர்ந்தபோது தாய் அகதி முகாமுக்குப் போனாள். அவன் சல்லியில் ஒரு மீன்வாடிக்குப் பின்னால், வெளியில் தெரியாமல் படுத்தெழும்பினான். ஆளை ஏற்றிக்கொண்டு போகச் சம்பூர் என்ற ஒரு சொல் போதும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தங்கரத்தினம் குசினி வாசலில் நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்த மீன்வாடியின் விலாசத்தையும் நான் எழுதினேன். பயம். வேறு ஒரு காரணமும் இல்லை.

அவர் போனதும், "உடன சல்லிக்குப் போய்ச் சொல்லுங்கோ," என்றாள்.

"இப்ப நான் ஓடினால் பின்னால வருவாங்கள். நாலு மணிக்குப் பிராக்டிசுக்கு வருவான்தானே, அப்ப சொல்லுறன்."

நாலு மணிக்கு மற்ற நாலு பேரும் வந்தார்கள். ஐந்து மணிவரை நான் மைதான வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவனையும் ஏசவில்லை. அதிலேயே பெடியளுக்கு ஏதோ விளங்கிவிட்டது.

"சேர், மத்தியானம் சல்லிப் பக்கம் ஒரு வான் வந்ததாம்," என்றான் மூதூர்ப் பெடியன் கலீலுர் றஹ்மான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் கோணேசராசாவின் தாய் அன்னலட்சுமி அகதி முகாமிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். கையில் அவனுக்கென்று ஒரு பை.

"கோணேசு உள்ள நிக்கிறானோ, சேர்? ஒரு கிழமையாப் போன் எடுக்கேல்லை. உங்கட வீட்டில இருக்கிறன் எண்டு சொன்னபடியால்தான் நான் நிம்மதியா இருந்தனான்."

தாய்க்கும் என் விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறான். பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன்.

ஏசுவாள், மண்ணள்ளித் தூற்றுவாள் என்று நின்றேன். அவள் கதிரை நுனியில் அமர்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு காலமும் அவன் இங்கதான் இருக்கிறான் எண்டு எழுதினனீங்கள்," என்றாள். "அண்டைக்கும் ஒருக்கா அப்பிடிச் சொல்லியிருக்கலாமே, சேர்."