வாசலில் ஒரு வெள்ளை

பார்சலைப் பிரித்ததும் அமீனாவுக்குச் சப்பென்றுதான் ஆனது. மகன் சோஹைல் கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு கடலோர ஊரில் டிராயிங் மாஸ்டர். தான் இருக்கும் ஊரையே வரைந்து அனுப்பியிருக்கிறானாம். ஒரு கோடாவது ஒழுங்காக இருக்க வேண்டுமே! தென்னை பச்சைத் தீற்றல், கடல் நீலத் தீற்றல், ஓட்டு வீடுகளோ செங்கல் பொடியை அள்ளி வீசிய மாதிரி. இவனுக்குப் போய் மாஸ்டர் வேலை கொடுத்தார்களே என்று சிரித்துக்கொண்டு, கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தபோதுதான் ஊர் தெரிந்தது. கிட்டப் போனால் வெறும் சாயம். தள்ளி நின்றால் அலை, படகு, உச்சி வெயில்கூடத் தெரிகிறது. ஓரத்தில் ஒரு நீல வீடு, அவன் வீடாகத்தான் இருக்கும். அதன் வாசலில் ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஒரு பூச்சு, துப்பட்டி போர்த்திக்கொண்டு யாரோ நிற்கிற மாதிரி. அமீனா இன்னும் ஓரெட்டு பின்னால் போய்ப் பார்த்தாள். இந்தப் பாப்பாரப்பட்டியில் வெள்ளைத் துப்பட்டி இல்லாமல் அவள் வாசற்படி தாண்டியதே கிடையாது.

கணவர் மௌத்தான பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. மகன் வந்து கூட்டிப்போவான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். சும்மா சொன்னதுதான், அவன் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. தானாகக் கேட்க வாய் வருமா? நேரில் கூப்பிடக் கூச்சப்பட்ட பிள்ளை படத்தில் கூப்பிட்டுவிட்டான் என்று பட்டது அவளுக்கு. எந்தெந்தப் புடவையை எடுத்துப் போவது என்ற நினைப்பிலேயே பகல் போயிற்று. சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் போன் போட்டாள். படம் அருமை என்றாள், மருமகளை விசாரித்தாள், அங்கே மழையா என்றாள். அப்புறம்தான் கேட்டாள்.

"அந்த நீல வூட்டு வாசல்ல வெள்ளையா நிக்கறது யாருப்பா?"

அவன் யோசித்தான். "ஆளு யாரும் நான் போடலியேம்மா... ஓ, அதுவா? சொவத்துல வெயில் அடிக்குதும்மா."

"நல்லாத்தான் அடிக்குது" என்று சொல்லிப் போனை வைத்தாள். அழுகை வந்தது. அழுதாள்.

மறுநாள் கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுக் கலைமணி, படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். மூக்கு உரசப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை போல. அமீனா அவள் கையைப் பிடித்து அடுப்படி வரைக்கும் பின்னால் இழுத்துவந்து நிறுத்தினாள்.

"இப்பத் தெரியுதுங்கக்கா. சோஹைலு வூடா அது? வாசல்ல யாருங்க?"

"நாந்தான்."

கலைமணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்களாட்டமேதான் இருக்குதுங்க" என்றாள்.

அமீனா தலையிலிருந்து நழுவிய முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த வெள்ளையையே பார்த்தபடி அசையாமல் நின்றாள்.