எந்த நூறு பக்கம்?

நானூறு பக்கத்தில் நூறைக் குறைத்தால்தான் அச்சுக்குப் போகும் என்று பதிப்பகம் கடிதம் போட்டுவிட்டது. எந்த நூறு என்பதில்தான் ருக்மிணிக்கும் பேராசிரியர் சுந்தரேசனுக்கும் இழுபறி. லாலாகுடா ரயில்வே பட்டறையில் கை கால் போனவர்களைப் பற்றி அவள் எழுதிய ஆய்வு நூல் அது. நூல்வரிசைக்குப் பதிப்பாசிரியர் அவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதமும் நகராது.

"நாலாவது அத்தியாயத்தைத் தூக்கிடும்மா. விரல் போச்சு, கை போச்சுன்னு எல்லாரும் ஒரே பாட்டுதானே? சாம்பிளுக்கு ரெண்டு பேர் போதும்."

கூடப் படித்தவர்களெல்லாம் மாதாப்பூர் ஐ.டி. கம்பெனிகளில் ஏசிக் காற்று வாங்கிக்கொண்டிருந்த ஆறு வருஷமும், ருக்மிணி குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக ஏறி இறங்கிச் சேர்த்த பேச்சு அது. பேசியவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

"முதல் அத்தியாயம் இருக்கே, சார்?"

அதுவும் நூறு பக்கம். சுந்தரேசனின் பழைய கட்டுரைகளைப் பிழிந்து, காயவைத்து, மறுபடி நனைத்து, அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதியது.

"அது கோட்பாடும்மா. அஸ்திவாரம். அதை எடுத்தா புத்தகமே உக்காந்துடும். வெள்ளிக்கிழமை கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

வீட்டில் அப்பா அய்யாக்கண்ணு, பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர், மூன்று விரலால் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"என் ரெண்டு வெரலுக்கு ஒண்ணரைப் பக்கம்தானே போட்டிருக்க? அதுவும் ஜாஸ்தியாமா? நக்கோ, வேணாம்னு சொல்லிட்டு வா."

சொன்னால் கையெழுத்து விழாது. ஆனால் பத்து வருஷமாகப் பேராசிரியரைப் பார்த்தவள் ருக்மிணி. எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் சுந்தரேசன் பின்பக்கம்தான் திறப்பார். நூற்பட்டியலில் தன் பெயர் இருந்தால் அது நல்ல புத்தகம். முன்பக்கம் நன்றியுரையிலும் இருந்தால் மிக நல்ல புத்தகம். நடுவில் இருப்பதை அவர் தொந்தரவு செய்வதில்லை.

வெள்ளிக்கிழமை முந்நூறு பக்கக் கட்டை அவர் மேஜையில் வைத்தாள். அவர் பின்னாலிருந்து புரட்டினார். தன் கட்டுரைகளை விரல்விட்டு எண்ணினார். பதினாலும் இருந்தன. நன்றியுரையை இரண்டு தடவை படித்தார்.

"நான் சொன்னதை எடுத்துட்டியாம்மா?"

"நூறு பக்கம் எடுத்துட்டேன், சார்."

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"பாத்தியா? வெறும் கொழுப்பு. இப்பதான் புத்தகம் மாதிரி இருக்கு."

மை காயுமுன் ருக்மிணி கட்டைத் தூக்கிக்கொண்டாள்.

"சுத்தக் கொழுப்பு, சார்."