வான் உருண்ட மூன்றடி

நிறுத்தியிருந்த வான் பின்னால் உருண்டது மூன்றடி தூரம்தான். பிறகு அது தானாகவே நின்றுவிட்டது. ஆனால் வானுக்கும் வள்ளம் கட்டும் சீமெந்துத் தூணுக்கும் நடுவில், பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் அப்புத்துரை ஐயா இருந்தார்.

சாட்டிக் கடற்கரைக்கு அப்பால், வள்ளங்களை இழுத்தேற்றும் சரிவில் காலை பத்து மணியளவில் இது நடந்தது. அன்று பின்னேரமே சாரதி றெக்ஷனைப் பொலிஸ் கொண்டுபோனது. மறுநாள் விளக்கமறியல் என்று சிறைக்கு அனுப்பினார்கள். குற்றச்சாட்டு எல்லோருக்கும் விளங்கக்கூடியது: ஹாண்ட்பிறேக் இழுக்காமல் வண்டியைச் சரிவில் விட்டுவிட்டு மீன் வாங்கப் போனான், ஒரு மனிதர் செத்துப்போனார்.

வாகனப் பரிசோதகர் ஒருவர் வந்து அதே வானை அதே சரிவில் நிறுத்தி, ஹாண்ட்பிறேக்கை இழுத்துப் பார்த்தார். வான் அசையவில்லை. பிறேக் நல்ல நிலையில் இருக்கிறது, நல்ல பிறேக்கை இழுத்திருந்தால் வான் போயிராது, ஆகவே இழுக்கவில்லை. அவர் எழுதியதில் பிழை பிடிக்க இடமில்லை. அந்த வானை என் கையால் கட்டியிராவிட்டால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அது இருபத்தாறு இருக்கைகள் கொண்ட பழைய சின்ன பஸ். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு வாடகைக்கு விட யாழ்ப்பாணத்தில் ஒருவர் அதை வாங்கி, வேலணையில் இருக்கும் என் கராஜுக்கு அனுப்பினார். இருக்கைகளைக் கழற்றி இரண்டு கட்டில், தண்ணீர்த் தாங்கி, சமைக்க ஒரு குட்டிக் குசினி எல்லாம் வைத்தேன். ஊரில் அதற்கு வீட்டு வான் என்று பெயர் விழுந்துவிட்டது.

அப்புத்துரை ஐயா மடத்துவெளிக்காரர். முன்பு தென்பகுதியில் கடை வைத்திருந்தவர். பிறகு சுவிஸுக்குப் போனவர். ஊரில் அவர்களுடைய வீட்டுக்குக் கூரை இல்லை. அதனால் மகள் கஜாலினி இரண்டு கிழமைக்கு வீட்டு வானை எடுத்தாள். ஐயாவுக்கு ஒரு பக்கம் வாதம் வந்திருந்தது. கட்டில் கொஞ்சம் சரிந்தாலும் அவர் சறுக்கிக் கீழே வந்துவிடுவார். ஆகவே வானைக் கொடுத்த அன்று, மட்டம் பார்ப்பது எப்படி என்று அவளுக்குக் காட்டினேன். தாழ்ந்த பக்கத்துப் பின்சில்லுக்குக் கிட்ட, அச்சுக்குக் கீழே ஜாக்கியை வைத்துச் சில்லை நாலு விரல் உயர்த்த வேண்டும். சில்லுக்குக் கீழே பலகையைத் தள்ளி, ஜாக்கியை இறக்க வேண்டும். அரை நிமிட வேலை. அவளையே இரண்டு தரம் செய்யவைத்தேன்.

முக்கால் மணித்தியாலம் விளக்கினேன். தண்ணீர்ப் பம்பி, காஸ் குழாய், மின்கலம் எதையும் விடவில்லை. ஐயா கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி சஞ்சீவன், முடிவில சோதினை வைப்பீரோ?"

"இல்லை ஐயா, தெரிஞ்சிருந்தா நல்லம்தானே."

"என்ரை மூளையில என்ன நடந்ததெண்டு சுவிஸ் டொக்டர் பத்து நிமிசத்தில சொல்லி முடிச்சவன். நீர் ஒரு பம்பிக்கு இருபது நிமிசம் எடுக்கிறீர்."

றெக்ஷன் சிரித்தான். ஊர்காவற்றுறைப் பெடியன், கவனமான சாரதி. வானை எங்கே நிறுத்தினாலும் ஹாண்ட்பிறேக், முதலாம் கியர், பின்சில்லுகளுக்கு ஒவ்வொரு கல். கல்லை மறந்ததை நான் கண்டதில்லை.

அவனுடைய மனைவி மேரிசுகந்தி, ஐயா செத்த மூன்றாம் நாள், கராஜ் வாசலில் வந்து நின்றாள். சிறைக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லுவியள். பொலிசுக்கு மட்டும் சொல்ல ஒண்டும் இல்லையோ அண்ணை?"

"எனக்கு என்ன நடந்ததெண்டு தெரியாது, சுகந்தி. நான் அங்கை நிக்கேல்லை."

"அவர் இழுத்தவர். கியரும் போட்டவர். சத்தம் கேட்டு ஓடிவந்து ஏறினவராம். ஹாண்ட்பிறேக் இழுத்தபடி மேலைதான் கிடந்ததாம். ஐயாவை எடுக்க அதை இறக்கி, வானை முன்னுக்கு எடுத்துப்போட்டுத் திருப்பி இழுத்தவராம். பாத்த சனம் சொல்லுது, இவன் ஏறினாப் பிறகுதான் இழுத்தவனெண்டு."

"கல்லு?"

"கல்லை அந்தப் பிள்ளை அடுப்புக்கு எடுத்திட்டுதாம். தேப்பன் கூழ் கேட்டவராம், வெளியில விறகில வைச்சு. என்ரை மனிசன் நண்டும் மீனும் வாங்கப் போனது அதுக்குத்தான்."

கல்லை எடுத்தால் மட்டும் அந்த வான் போகாது. நாலரைத் தொன் வண்டி, பன்னிரண்டு அடிக்கு ஓரடி இறங்கும் சரிவு. கடல் பக்கம் அதை இழுப்பது ஏழெட்டுச் சீமெந்து மூட்டையின் பாரம். அதை ஹாண்ட்பிறேக் தனியாகவே தாங்கும். பரிசோதகரும் அதைத்தான் கண்டார். வேறு ஏதோ நடந்திருக்கிறது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

சரிவில் சாம்பலும் மூன்று கற்களும் அப்படியே இருந்தன. தூணை நான் அதிக நேரம் பார்க்கவில்லை. பாசி பிடித்த சீமெந்துத் தரையில், ஜாக்கி நின்றதுபோல் வட்டமான ஓர் அடையாளம். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரும்பு சாய்ந்து விழுந்த புதுக் கீறல். அந்தக் கீறலுக்குப் பக்கத்திலேயே ரயர் தேய்ந்த கறுப்புக் கோடுகள் இரண்டு தொடங்கிக் கடல் பக்கமாக இரண்டடிக்குமேல் ஓடின. இரண்டும் பின்சில்லுகளின் கோடுகள். முன்சில்லுகளுக்குக் கோடே இல்லை. கொஞ்சம் தள்ளி, புல்லுக்குள் நான் கொடுத்த பலகை கிடந்தது.

உருளும் சில்லு கோடு கீறாது. பூட்டிய சில்லுதான் கீறும். ஜாக்கி விழுந்த இடத்திலேயே பின்சில்லுகள் பூட்டியிருந்திருக்கின்றன. ஓடிவந்து ஏறி இழுக்க எவனுக்கும் நேரம் இருந்திராது. ஹாண்ட்பிறேக் முன்பே இழுபட்டிருந்தது.

அப்படியானால் வான் ஏன் உருண்டது? இதைச் சொல்ல, வண்டியின் அடிப்பக்கத்துக்குப் போக வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சில்லு கூடிய தூரம் ஓட வேண்டும், உட்பக்கத்துச் சில்லு குறைய. அதற்காகப் பின்னச்சின் நடுவில் ஒரு பற்சக்கரப் பெட்டி இருக்கிறது. கியர்பெட்டியிலிருந்து வரும் நீளத் தண்டின் சுழற்சியை அது இரண்டு சில்லுக்கும் தேவைக்கேற்பப் பங்கிடும். கார்களில் பெரும்பாலும் ஹாண்ட்பிறேக் பின்சில்லுகளையே பிடிக்கும். இந்தவகைச் சின்ன பஸ்களில் அப்படியல்ல. அது கியர்பெட்டிக்குப் பின்னால் இருந்து அந்த நீளத் தண்டைப் பிடிக்கும். தண்டு நின்றால் ஒரு சில்லு முன்னுக்குச் சுற்ற மற்றது பின்னுக்குச் சுற்ற வேண்டும். வேறு வழி இல்லை. இரண்டும் தரையில் அழுந்தி இருக்கும்வரை அது நடக்காது. வண்டி பாறைபோல் நிற்கும். ஒன்றைத் தரையிலிருந்து தூக்கினால், அந்தரத்தில் இருப்பது தன்பாட்டில் எதிர்ப்பக்கம் சுற்றும், தரையில் இருப்பது உருளும். கியரும் அதே தண்டைத்தான் பிடிக்கிறது; அதனால் கியர் போட்டும் பயனில்லை. அந்த நேரத்தில் ஆளில்லாத வண்டியைப் பிடிக்கக்கூடியது கல் மட்டும்தான்.

வான் உருண்டதும் ஜாக்கி சாய்ந்தது. சில்லு தரையில் விழுந்தது. உடனே பிறேக் பிடித்தது. வான் பாசியில் இழுபட்டு நின்றது. எல்லாம் சேர்த்து மூன்றடி.

சரிவின் நடுவில் நின்றுகொண்டு இதை மனதுக்குள் முடித்தபோது, எனக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்தது. உண்மையை மறைக்கக்கூடாது, வந்தது. ஒரு முடிச்சு அவிழும்போது எப்போதும் வருவது. அதற்குப் பிறகுதான், ஜாக்கி வைக்கக் காட்டிக்கொடுத்தவன் யார் என்பது நினைவில் ஏறியது. என் கராஜ் முற்றம் மட்டமானது. சரிவில் இதைச் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. முக்கால் மணித்தியாலத்தில் அந்த ஒரு வசனம் இருக்கவில்லை.

வான் உருண்டபோது சில்லு தூக்கப்பட்டிருந்தது என்று சொல்லக்கூடியவள் கஜாலினி ஒருத்திதான். மடத்துவெளியில் ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டில் இருந்தாள். செத்தவீடு முடிந்து, ஞாயிற்றுக்கிழமைக்குப் பயணச்சீட்டு மாற்றியிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஆளைக் காப்பாத்த வந்தனீங்களோ?" என்றாள்.

"ஓம்."

"அவன் இழுக்கேல்லை அண்ணை. இழுத்திருந்தா அப்பா இருந்திருப்பார். நான் சில்லடியிலதான் நிண்டனான். என்ரை கண்ணுக்கு முன்னால போனது."

"சில்லை உயர்த்தினனீங்களோ?"

"பலகை வைக்க வேணுமே. சாப்பிட்டிட்டு அவர் படுக்கவேணும்."

"பொலிசுக்கு இதைச் சொன்னனீங்களோ?"

"சில்லடியில நிண்டனானெண்டு சொன்னனான். அதுக்கு மேலை ஒருத்தரும் கேக்கேல்லை."

வாயால் சொன்னால் நம்பமாட்டாள் என்று தெரிந்தது. கராஜுக்கு வரச் சொன்னேன். அன்று பின்னேரம் சித்தப்பாவின் ஓட்டோவில் வந்தாள். அதேவகைச் சின்ன பஸ் ஒன்று அங்கே நின்றது. முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, இரண்டு பின்சில்லுகளையும் உயர்த்தித் தாங்கிகளில் வைத்திருந்தேன்.

"ஏறி ஹாண்ட்பிறேக்கை நீங்களே இழுங்கோ. கியரையும் போடுங்கோ."

ஏறி இழுத்தாள். பலமாக இழுத்தாள். இறங்கி வந்தாள்.

"இப்ப இந்தச் சில்லைக் கையால தள்ளுங்கோ."

தள்ளினாள். சில்லு சத்தமில்லாமல் சுற்றியது. நான் மற்றப் பக்கத்தைக் காட்டினேன். அங்கே மற்றச் சில்லு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுத்தாள். திரும்பவும் வைத்து, மெதுவாக, ஒரு விரலால் தள்ளினாள். மற்றதும் அதே அளவுக்கு அசைந்தது.

நான் தண்டைக் காட்டினேன். பற்சக்கரப் பெட்டியைக் காட்டினேன். கோடுகளைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கல்லு ரெண்டையும் எடுக்காமல், தரையில இருந்த சில்லுக்கு மட்டும் ஒண்டை விட்டிருந்தா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பாசியில் எது எப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று சொல்லியிருந்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு சுவிஸுக்குப் போயிருப்பாள்.

"நிண்டிருக்கும்," என்றேன்.

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். எண்ணெய் ஊறிய நிலம்.

"சரிவில ஜாக்கி வைக்கக்கூடாதெண்டு நான் உங்களுக்குச் சொல்லேல்லை," என்றேன். "சொல்லியிருக்க வேணும்."

"ஓம். நீங்கள் சொல்லேல்லை." கோபமில்லாமல் சொன்னாள். "அடுப்புக்கு அங்கை வேறை கல்லும் கிடந்தது அண்ணை. இது தட்டையா இருந்ததெண்டு எடுத்தனான்."

மறுநாள் காலை பொலிஸுக்கு இருவரும் போனோம். மேரிசுகந்தி வெளியே மரத்தடியில் நின்றாள், உள்ளே வரவில்லை. சார்ஜன்டுக்குத் தமிழ் ஓரளவுக்குத்தான் தெரியும். கஜாலினி ஒரு கடதாசி கேட்டு வாங்கி, அச்சையும் தண்டையும் இரண்டு சில்லையும் கீறி, அம்புக்குறி போட்டு விளங்கப்படுத்தினாள். நான் வாய் திறக்கத் தேவையிருக்கவில்லை. என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

"அப்ப பிறேக் இழுத்திருந்தது?"

"ஓம்."

"கல் எடுத்தது?"

"நான்."

"ஜாக்கி?"

"நான்தான்."

சார்ஜன்ட் பேனையை மேசையில் வைத்தார். "மிஸ், இதை எழுதினா அந்தச் சாரதிக்கு செவ்வாய்க்கிழமை பிணை கிடைக்கும். வழக்கு முடியிறது வேறை. நீங்க ஞாயிற்றுக்கிழமை போக ஏலாது. பாஸ்போட் இங்க தரவேணும். பிறகு உங்களுக்கு மேலயும் வழக்கு வரலாம். விளங்குதா?"

"எழுதுங்கோ."

அவர் எழுதினார். வாசித்துக் காட்டினார். அவள் கையெழுத்து வைத்தாள். பிறகு அவர் பக்கத்தைப் புரட்டி, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"ஜாக்கி வைக்க யார் காட்டினது?"

கஜாலினி கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பவும் கேட்டார். அவள் கடதாசியை நாலாக மடித்தாள்.

நான் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு, என் பெயரையும் தகப்பன் பெயரையும் விலாசத்தையும் சொன்னேன்.