ஏர் நின்ற கால்மணி நேரம்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மன்னார்குடியை விட்டு வெளியேறிவிடுவேன். கழுத்தில் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பைனாகுலர், பையில் நோட்டு. ஏர் புரட்டிப்போட்ட சேற்றில் புழு பொறுக்க வரும் பறவைகளை எண்ணுவதுதான் என் பைத்தியம். சேக் தாவூது வாத்தியார் கொக்குகளுக்கு ஆஜர் எடுக்கப் போகிறார் என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். பேசட்டும், எனக்கென்ன.

எழுபதாம் வருஷம் அது. தஞ்சைச் சீமையே கொதித்துக்கொண்டிருந்தது. வரப்புகளில் சிவப்புக் கொடி, ரோட்டில் போலீஸ் ஜீப். குத்தகைக்கு உழுகிறவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. அதனால் மிராசுதார்கள் முந்திக்கொண்டு, எல்லாம் சொந்தப் பண்ணை, உழுகிறவர்கள் கூலி ஆட்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை, மருதையன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் வழக்கமாகப் பறவை பார்க்கும் வயலில் ஏரோட்டுகிறவர் என்று முகத்தை வைத்துக் கண்டுகொண்டேன். பெயர் அன்றைக்குத்தான் தெரியும். மிராசுதார் பஞ்சநதத்திடம் பன்னிரண்டு வருஷமாகக் குத்தகை, ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. திங்கட்கிழமை விசாரணை. சாட்சி சொல்ல ஊரில் ஒருவருக்கும் தைரியமில்லை. வயல் போய்விட்டால் குடும்பம் நடுத்தெருவில் என்றார்.

"மூணு வருசமா என் வயலப் பாத்து எழுதிக்கிட்டிருக்கீங்களே சார், அதுல நான் உழுதது இருக்கும்ல?"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நிமிஷம் உட்பட இருக்கிறது, கவலையை விடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நோட்டைத் திறந்தது அதற்கப்புறம்தான். வெள்ளை அரிவாள் மூக்கன் பதினொன்று. உண்ணிக்கொக்கு இருபத்து நான்கு, அதில் ஒன்றுக்கு இடது காலில் ஒரு விரல் இல்லை. ஏர் ஒன்று. முப்பத்தொரு பக்கமும் இப்படியே. ஓட்டியவர் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை.

நாலு நாளும் கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். இந்த நடையை ரோட்டில் நடந்திருந்தால் திருவையாறே போயிருக்கலாம் என்றாள் என் மனைவி ஷம்சாத். திங்கள் காலை பஸ்ஸில் பேனாவைத் திறந்தேன். பக்கத்துக்கு ஒரு பெயர் சேர்த்தால் போதும், அதே நீல மைதான். நேர்மை ஒன்றும் என்னைத் தடுக்கவில்லை. பஸ் குலுக்கலில் எழுத்து கோணிப்போகுமே என்று பயந்து மூடிவிட்டேன்.

விசாரணை அதிகாரி வயதில் சின்னவர். நான் வாசித்துக் காட்டி, உழுதவர் இவர்தான் என்று வாயால் சொன்னேன். பஞ்சநதம் சிரித்தார்.

"அவன்தான் உழுதான், யாரு இல்லேன்னா? கூலிக்கு உழுதான். என் காரியக்காரர் வரப்புல நின்னு வேலை வாங்கினாரு."

என் மூன்று வருஷ எழுத்தும் செல்லாக் காசாகிவிட்டது. வரப்பில் ஆள் நின்றாரா இல்லையா என்று, பறவையையே பார்த்துக்கொண்டிருந்த நான் ஒரு நாளும் கவனித்ததில்லை. பக்கத்தில் நின்ற மருதையனின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி உரக்கப் படித்தார்: ஏர் கால்மணி நேரம் நின்றது, மாட்டுக்குக் களைப்பு போலும், எண்ண வசதியாயிற்று. இன்னும் ஆறு இடங்களில் அதே வரி. காரியக்காரர் தினமும் வரப்பில் இருந்தாரா என்று கேட்டார். ஒரு நாள் தவறியதில்லை என்றார் பஞ்சநதம்.

"நடு உழவுல கால்மணி நேரம் ஏர் நின்னா, அவர் சும்மாவா இருந்தாரு?"

பஞ்சநதம் பின்னால் நின்ற காரியக்காரரைப் பார்த்தார். காரியக்காரர் தரையைப் பார்த்தார். பண்ணை வேலையில் வேட்டியை இறுக்கிக் கட்ட நின்றாலே வசவு விழும். அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். மாடு ஏன் நின்றது என்று மருதையனிடம் கேட்டார் அதிகாரி.

"மாடு தானா நிக்கலைங்க. ஏர் நகந்தா பறவையும் கூடவே நகந்துரும். சார் எண்ணிக்கை தப்பிப்போயி முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க, பாக்கப் பாவமா இருக்கும். அதான் புடிச்சு நிறுத்துவேன். நான் சாகுபடி பண்ற வயலு, யாரைக் கேக்கணும்?"

அதிகாரி தகப்பனார் பெயரைக் கேட்டு, குத்தகைதாரர் என்ற இடத்தில் மருதையன் பெயரை எழுதினார். பிறகு நோட்டை என்னிடம் நீட்டினார். என்னால் கையை நீட்டி வாங்க முடியவில்லை. மூன்று வருஷமாக ஒரு மனிதர் எனக்காக உழவை நிறுத்திவிட்டு வெயிலில் நின்றிருக்கிறார். நான் அதை மாட்டுக்குக் களைப்பு என்று எழுதி வைத்திருந்தேன்.