பன்னிரண்டாவது நாள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் போளூர் பஸ்ஸில் யாரோ ஒரு பிள்ளை கணக்கு நோட்டை விட்டுவிட்டுப் போய்விட்டது.* நான் அந்த பஸ்ஸின் கண்டக்டர். பெயர் இருக்கிறதா என்று புரட்டினேன். நான்கில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் கூட்டும் கணக்கு. கோட்டுக்குக் கீழே இருக்கும் பகுதிகள் வேறு வேறாக இருந்தால் பின்னங்களைக் கூட்ட முடியாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பகுதி வேண்டும். பிள்ளை நாலையும் ஆறையும் பெருக்கி இருபத்துநாலு என்று போட்டிருந்தது. டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: ‘விடை சரி. ஆனால் இதைவிடச் சிறிய எண் இருக்கிறதே? 12.’

அந்தப் பன்னிரண்டைப் பார்த்ததும் எனக்கு விசில் ஊதவே மறந்துபோனது. டிரைவர் திட்டினார்.

(*நோட்டு டெப்போவில் இருக்கிறது. பிள்ளை வந்து வாங்கிக்கொள்ளலாம்.)

2

தொடக்கம் ஒன்று: பட்டுக்குப் பேர்போன ஆரணியில், ஒரு பொன்மாலைப் பொழுதில்— வேண்டாம். ஜவுளிக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: டேவிட்ராஜ் என்று ஒரு கண்டக்டர் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன்— (அடித்துவிட்டேன். கெட்டிக்காரனாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் இவன் என்று எழுதுவதும் கூச்சமாக இருக்கிறது. டேவிட்ராஜ் நான்தான்.)

3

சுபலட்சுமிக்கு ஊர் முள்ளிப்பட்டு. வீட்டுத் தறியில் ஆறு நாளைக்கு ஒரு புடவை முடித்து, நூல் கொடுத்த முதலாளியிடம் சேர்க்க ஆரணி வருவாள். ஒன்றரை வருஷம் அவள் வந்த பஸ்ஸில்தான் எனக்கு வேலை. பிறகு திடீரென்று என்னைப் போளூர் பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அதைச் சொல்ல என் லீவு நாளில், அவள் புடவை சேர்க்க வந்த அன்று, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சக்கரவர்த்தி பேக்கரியில் அவளைப் பார்த்தேன்.

“எனக்கு நாலு நாளைக்கு ஒரு தபாதான் லீவு,” என்றேன்.

“நான் ஆறு நாளைக்கு ஒரு தபாதான் வர முடியும். ரெண்டும் ஒண்ணா வர்ற அன்னிக்கு இங்கியே வாங்க. அப்பா மாப்பிள்ளை பார்த்துகினு இருக்காரு. உங்க வீட்ல கேட்டுட்டு ஒரு முடிவு சொல்லுங்க. வர்லன்னா, வேணாம்னு எடுத்துக்கறேன்.”

“ஊருக்கே வந்து சொல்றேனே?”

“அந்த வேலையே வேணாம். முள்ளிப்பட்டுக்கு வந்துடாதீங்க.”

நான் டிக்கெட் பேப்பரின் பின்பக்கம் நாலையும் ஆறையும் பெருக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். எந்த நாள் என்று நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

(போன் இல்லையா என்பீர்கள். இருந்தது. அவள் தம்பி ஜெயவேல் கையில்.)

அவள் அப்போது நெய்துகொண்டிருந்த புடவையில் நாலு அங்குலத்துக்கு ஒரு பூ, ஆறு அங்குலத்துக்கு ஒரு மாங்காய். இரண்டும் எங்கே ஒரே வரிசையில் விழும் என்பது அவள் கைக்கே தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாய்ப்பாடு.

4

மூன்றாவது நாளே அம்மா சம்மதித்துவிட்டாள். “அந்தப் பொண்ணு சர்ச்சுக்கு வர்லன்னா பரவால்ல. நீயாச்சும் ஒழுங்கா வா,” என்றாள்.

பன்னிரண்டாவது நாள் எனக்கும் லீவுதான். இங்கே உருக்கமாக ஏதாவது எழுதலாம். உண்மையில் நான் வீட்டில் காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, அவளைப் பார்க்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதே என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். பேக்கரி நாலு தெரு தள்ளி இருந்தது.

இருபத்துநாலாவது நாள் காலையிலிருந்து பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். புடவைப் பையோடு தெருவில் போனது ஜெயவேல். கடைக்காரர் சக்கரவர்த்தி என்னைப் பார்த்துச் சொன்னார்: “இப்டிதான் ரெண்டு வாரம் முன்ன ஒரு பொண்ணு, புடவைப் பைய மடில வச்சிகினு நாலு மணி வரைக்கும் உக்காந்துகினு இருந்துச்சி. டீ கூட சாப்புடல.”

ஆரணியில் புடவைப் பையோடு எத்தனையோ பெண்கள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் வேண்டாமென்று முடிவெடுத்துவிட்டாள் என்று வீம்பு பிடித்துக்கொண்டேன். அவள் அப்பா பார்த்த சம்பந்தம் நிச்சயத்துக்கு முன்பே நின்றுபோனதாகக் கேள்விப்பட்டபோதும் போகவில்லை. அவள் இன்னும் அந்த வீட்டில்தான் நெய்கிறாள்.

5

இருபத்துநாலும் தப்பான பகுதி இல்லை. அதை வைத்துக் கூட்டினாலும் சரியான விடைதான் வரும். என்ன, தேவைக்கு மேல் பெரிசு. நான் அவளை வேண்டாமென்று சொல்லவில்லை, பெரிய எண்ணில் காத்திருந்தேன். இதை அவளிடம் சொல்லியாக வேண்டும். நாலு வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில்லை.

முடிவு ஒன்று: கதவைத் தள்ளிக்கொண்டு சுபலட்சுமி உள்ளே— (சினிமா.)

முடிவு இரண்டு: முள்ளிப்பட்டில் வாசலை மறித்துக்கொண்டு ஜெயவேல், “எங்க அக்கா பேரக்கூட எடுக்காதீங்க,” என்று— (நடக்கக்கூடியது. அதனால்தான் முழுசாக எழுதப் பயமாக இருக்கிறது.)

6

அவளைக் கடைசியாகப் பார்த்ததிலிருந்து இன்று ஆயிரத்து நானூற்று ஐம்பத்திரண்டாவது நாள். பன்னிரண்டால் வகுத்தால் மீதி வராது. இருபத்துநாலால் வகுத்தால் வரும். அதாவது என் கணக்கில் இல்லாத, அவள் கணக்கில் மட்டும் இருக்கிற நாள். (டெப்போவில் லீவு முறை இரண்டு தடவை மாறிவிட்டது. இன்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.) அதே பேக்கரி. நானும் டீ சொல்லவில்லை.

அவள் நாலு மணி வரை காத்திருந்தாள். நானும் நாலு மணி வரை என்று வைத்துக்கொண்டேன். மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம் ஆகிறது. அவள் வரவில்லை. எதிரே முள்ளிப்பட்டு பஸ் நிற்கிறது, யாரோ புதுக் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டான். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பஸ் போய்விடும்.